மொழிக்காக ஓர் ஓட்டம்

கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய ஜப்பானியர்கள், பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கச் சொந்தமாகப் பள்ளிகள் நடத்தி வருகிறார்கள். வார நாட்களில் பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்குப் போகிறார்கள். சனிக்கிழமை வந்தால் ஜப்பானிய வகுப்பு.

ஆசிரியர் ஊதியம், இடத்தின் வாடகை, புத்தகம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் கட்டும் சம்பளம் போதாது. பற்றாக்குறையைச் சரிக்கட்ட இத்தகைய பள்ளிகளுக்குக் கைகொடுக்கும் வழிகளில் ஒன்று, நன்கொடை ஓட்டம்.

முறை எளிது. நகரில் நடக்கும் ஓட்டத்தில் பள்ளியின் பெயரால் பெற்றோரும் மாணவரும் கலந்துகொள்கிறார்கள். "நான் ஓடுகிறேன், நீங்கள் இயன்றதைக் கொடுங்கள்" என்று உற்றாரையும் உடன் வேலை செய்வோரையும் கேட்கிறார்கள். பரிசு வாங்க வேண்டியதில்லை. நடந்து முடித்தாலும் போதும்.

இந்த அக்கறை ஒரு நாளில் வந்ததல்ல. வான்கூவர் நகரின் ஜப்பானிய மொழிப் பள்ளி 1906-ல் தொடங்கியது. 1941 டிசம்பரில் ஜப்பானுடன் போர் மூண்டதும் மூடப்பட்டது. மறு ஆண்டு சுமார் 22,000 ஜப்பானியக் கனடியர்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் சொத்துக்கள் விற்கப்பட்டன. திரும்பி வந்தது அபூர்வம். அந்த அபூர்வங்களில் ஒன்று இப்பள்ளிக் கட்டிடம். 1953-ல் சமூகத்தின் கைக்கு வந்தது. பள்ளி இன்றும் நடக்கிறது.

எல்லாவற்றையும் இழந்தவர்கள் மொழிப் பள்ளியைக் கைவிடவில்லை!

பம்பாயில் தமிழர்களை அரசு அப்படி வெளியேற்றவில்லை. ஆனாலும் தாராவியிலும் செம்பூரிலும் வீட்டில் தமிழ் பேசும் எத்தனையோ பிள்ளைகளுக்கு, ஊரிலிருந்து வரும் கலியாணப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரத்தில் ஒரு நாள் தமிழ் வகுப்பு நடத்த இடமும் ஆசிரியரும் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

வழி தொலைவில் இல்லை. 2004-ல் தொடங்கி, இப்போது மும்பையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்தின் மூலம் பல தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுகின்றன. தமிழ் அமைப்புகளும் இதில் இறங்கலாம். அறக்கட்டளையாகப் பதிவு செய்து, நன்கொடைக்கான வரிச்சலுகை பெற்றிருந்தால் கொடுப்பவருக்கும் தயக்கம் இராது.

இரண்டு எச்சரிக்கைகள். திரட்டும் பணம் பனியனுக்கும் பேனருக்கும் கரைந்துவிடக் கூடாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுத்து, வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கணக்கு தெரிந்தால்தான் மறு ஆண்டும் கை நீளும்.

ஒரு செல்வந்தர் ஒரு லட்சம் கொடுப்பதைவிட, ஆயிரம் பேர் நூறு ரூபாய் கொடுப்பதே மேல். அப்போதுதான் அது ஆயிரம் வீடுகளின் பள்ளியாக இருக்கும்.

ஓட்டம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். வகுப்பு ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். தமிழ் அமைப்புகள் இப்போதே முனைய வேண்டும்.