கேபினட் பழசு, பவர் புதுசு

கம்ப்யூட்டர் இதழில் கார் எதற்கு என்று கேட்பீர்கள். அப்கிரேட் என்றால் என்ன என்பதை எனக்குச் சரியாகப் புரிய வைத்தது எங்கள் வீட்டு அம்பாசிடர்தான். அப்பா வாங்கிய 1968 மார்க் 2.

ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகத்துக்குப் போனோம். மேகம் சூழ்ந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை. ஆலங்காயம் இறங்கும்போது மழை. முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓட, வெளிச்சம் மஞ்சளாகி மங்கிக்கொண்டே வந்தது. பின் சீட்டில் குழந்தைகள். அந்த வளைவுகளை நான் மறக்கவில்லை.

தவறு என்னுடையதுதான். பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு 60 வாட் ஹாலஜன் இரண்டு போட்டிருந்தேன். ஹை பீமில் அவற்றுக்கே 10 ஆம்பியர் வேண்டும். அந்தக் கால லூகாஸ் சி40 டைனமோவின் உச்சமே சுமார் 22 ஆம்பியர். அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றினால்தான். மெதுவாக ஊர்ந்தால் அநேகமாகச் சார்ஜே இல்லை, பேட்டரிதான் காலியாகும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றாமல் பெரிய கிராபிக்ஸ் கார்டு செருகினால் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதே, அதே கதைதான்.

டைனமோவில் மின்சாரம் முழுவதும் சுழலும் பகுதியிலிருந்து கார்பன் பிரஷ் வழியாக வெளியே வர வேண்டும். ஆல்டர்னேட்டரில் அது அசையாத சுருளிலேயே உற்பத்தியாகிறது. அதனால் சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுற்றலாம். ஐடிலிங்கிலும் சார்ஜ் கிடைக்கும்.

நண்பர்கள் இரண்டு கட்சியானார்கள். "ஒரிஜினலைத் தொடாதே" என்றார் ஒருவர். "எல்லாவற்றையும் பிடுங்கிப் புதுசு போடு" என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியே விண்டேஜ். பழமைக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரவில் மலை இறங்கும் குடும்பத்துக்கு வெளிச்சமும் வேண்டுமே!

டைனமோவின் உருளைக் கூட்டைப் போலவே செய்த ஆல்டர்னேட்டர்கள் பிரிட்டனில் விற்கின்றன. அதில் ஒன்றை வரவழைத்தேன். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருப்பதால், பழைய கன்ட்ரோல் பாக்ஸ் இப்போது வயர்கள் சேரும் வெறும் பெட்டி. பானெட்டைத் திறந்தால் வித்தியாசம் தெரியாது.

செய்ய நினைப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் வகை கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பேட்டரியை மாற்றி இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போய்விடும். சார்ஜ் வயர் தடிமனாக வேண்டும். பழைய வயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். டேஷ்போர்டின் சிவப்பு இக்னிஷன் பல்பைக் கழற்றாதீர்கள். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் அதன் வழியாகத்தான் விழிக்கின்றன. முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் காட்ட வேண்டும்.

காவலூரிலும் இதே பாடம்தான். 1972ல் நிறுவிய 1 மீட்டர் கார்ல் செய்ஸ் டெலஸ்கோப், யுரேனஸின் வளையங்களை 1977ல் கண்டறிந்ததில் பங்கு பெற்றது. பின்னாளில் போட்டோ பிளேட் இருந்த இடத்துக்கு சி.சி.டி. வந்தது. அதற்காக யாரும் டெலஸ்கோப்பைத் தூக்கிப் போடவில்லை.

உங்கள் கம்ப்யூட்டருக்கும் இதுதான் என் ஆலோசனை. புதிய கார்டு வாங்கும் முன் பவர் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். திரும்ப மாட்ட முடிகிற மாற்றமே நல்ல மாற்றம். அப்பாவின் டைனமோ எண்ணெய் துணியில் சுற்றி என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை மறுபடி காவலூர் போகிறோம்.