விளையாட்டில் இருக்கும் நீதி

ஐஸ்லாந்து நிறுவனமொன்று 2003இல் வெளியிட்ட இணைய விண்கல விளையாட்டு ‘ஈவ் ஒன்லைன்’. அதிலே ‘ஸ்மார்ட்பொம்’ என்றோர் ஆயுதம் உண்டு. பெயரில்தான் புத்தி, ஆள் பார்க்கத் தெரியாது. வெடித்தால், சில கிலோமீற்றருக்குள் நிற்கும் நண்பன், பகைவன், வழிப்போக்கன் அனைவர்க்கும் அடி.

பிள்ளைகளை இது கெடுக்கும் என்போருடன் நான் உடன்படேன். உயர் பாதுகாப்பு வலயத்தில் அப்பாவிக் கலத்தின்மீது பட்டால், ‘கொன்கோட்’ காவற்படை உடனே தோன்றி, வெடித்தவனின் கலத்தைச் சிதறடிக்கும். “குறி அவனல்ல” என்ற சாக்கு அங்கே எடுபடாது.

நமது அன்புவழிபுரத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் மூதூர். 2006 ஓகஸ்டில் அரசபடைகளும் புலிகளும் அங்கே பொருதியபோது, அரபுக் கல்லூரியில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீழ்ந்து மாண்டனர். அதற்காக எவரும் தண்டிக்கப்பட்டதில்லை. கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையில் இலங்கை 2018இல் இணைந்தது, வரவேற்போம். ஆனால், ஊர்மனைக்குள் விழும் சாதாரண எறிகணையை அவ்வுடன்படிக்கை தொடாது.

வீச்செல்லைக்குள் யார் நின்றாலும் பொறுப்பு வீசியவனுடையதே. கணினித் திரைக்குள் செல்லுபடியாகும் இவ்விதியைத் தரையில் ஏற்க மறுப்போருக்கு, பிள்ளைகளின் விளையாட்டைப் பழிக்க என்ன அருகதை?