போர் ஈன்ற பனி

இலக்கியம் வாழ்வைக் காட்ட வேண்டும்; மந்திரவாதியும் மாயப் பனியும் வரும் கதைகள் பிள்ளைகளின் பொழுதுபோக்கே அன்றி வேறல்ல என்பர் நம்மவருள் பலர். தாயகம் விட்டு வந்து வாழும் தமிழர் இல்லங்களில் இக்குரல் இன்னும் கடுமையாகவே ஒலிக்கிறது. ‘நம் கதைகள் ஆயிரம் இருக்க, அயலார் கட்டிய பொய்யுலகம் எதற்கு?’ என்று பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம். மறுப்பதற்குரிய சான்றையும் அவர்கள் பெரிதும் இகழும் இடத்திலிருந்தே, ஒரு சீட்டு விளையாட்டிலிருந்தே எடுக்கிறோம்.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கர் வடிவமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ 1993-இல் வெளிவந்தது. சீட்டு என்றதும் சூது என்று முகம் சுளிக்க வேண்டா. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் ஓவியமும் சில சொற்களும் இருக்கும். சீட்டுகள் சேரச் சேர டொமினேரியா என்னும் கற்பனை உலகின் வரலாறு விரியும். 1994-இல் வந்த தொகுதி அவ்வுலகில் நடந்த உடன்பிறந்தார் போரைச் சொன்னது. 1995-இல் வந்த ‘ஐஸ் ஏஜ்’ என்னும் தொகுதி அவ்வுலகையே பனியாறுகள் மூடிய காலத்தைச் சொன்னது. 1998-இல் ஜெஃப் கிரப் அப்போரைத் ‘தி பிரதர்ஸ் வார்’ என்னும் நாவலாகவும் எழுதினார்.

அர்சா, மிஷ்ரா என இரு சகோதரர். (பெயரைக் கொண்டு பின்னவனை வடநாட்டான் என எண்ண வேண்டா.) அகழ்வாய்வுப் பணியில் இருந்தபோது பழங்குகை ஒன்றில் ஆற்றல் மிக்க கல் ஒன்றைக் கண்டனர், அது இரண்டாகப் பிளந்தது, ஆளுக்கொரு பாதி கிடைத்தது. மற்றவன் கையிலுள்ள பாதியும் தனக்கே வேண்டும் என்ற வேட்கை பகையாயிற்று, பகை படையாயிற்று. போர்ப்பொறிகள் செய்யக் காடுகள் அழிந்தன, சுரங்கங்கள் வறண்டன. எஞ்சியிருந்த பசுந்தீவு ஆர்கோத். இறுதிப் போர் அங்கே நிகழ்ந்தது. அர்சா மந்திரக் கிண்ணம் ஒன்றின் ஆற்றலை அவிழ்த்துவிட, தீவே சிதறியது. அவ்வெடிப்பினால் உலகின் தட்பவெப்பம் திரிந்து, நெடுங்காலப் பனியுகம் சூழ்ந்தது. பின்னர் ஃப்ரேயலிஸ் என்பவளின் மந்திரத்தால் பனி உருகியபோதும் துயர் தீரவில்லை; உருகிய பனி வெள்ளமாய் வந்தது.

இக்கதையில் பனி இயற்கை தந்ததன்று. போர் விட்டுச்சென்ற கடன். அக்கடனை அடைத்தவர் யார்? போரிட்டவர் அல்லர். கிண்ணத்தை ஏந்திய அர்சா சாகவுமில்லை. உலகங்களுக்கிடையே உலவும் ஆற்றல் பெற்று, தான் பாழாக்கிய உலகை விட்டே நீங்கினான். குளிரில் நடுங்கியவர் அப்போரின் காரணத்தையே அறியாத பிற்காலத்து மக்கள்.

இதனைப் பொய் என்று தள்ளிவிட முடியுமா? 1983-இல் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐந்து அறிவியலாளர், அணுப்போர் மூண்டால் எரியும் நகரங்களின் புகை கதிரவனை மறைத்து உலகைக் குளிரில் ஆழ்த்தக்கூடும் என்று கணக்கிட்டு வெளியிட்டனர். குளிரின் அளவு பற்றி அறிஞரிடையே வாதம் எழுந்ததுண்டு. போரின் புகை எல்லை பார்த்து நிற்காது என்ற உண்மைக்கு மறுப்பு எழவில்லை.

இனி, நம் நாட்டின் பனியாற்றைப் பார்ப்போம். சியாச்சினைப் போர் படைக்கவில்லை. ஆயினும் அதனை மாந்தர் மடியும் களமாக்கியது போரே. 1984 ஏப்ரலில் படைகள் அங்கே ஏறின. 2003-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன, பனி ஓயவில்லை. 2012-இல் கயாரியில் சரிந்த பனி பாகிஸ்தான் தரப்பில் 140 பேரைப் புதைத்தது. 2016 பிப்ரவரியில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்துக் காவல்நிலையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் வீரர் பத்துப் பேர் பனிச்சரிவுக்கு இரையாயினர். அவருள் தமிழ்நாட்டவரும் இருந்தனர். மாயப் பனியைப் பற்றிப் படிக்கும் பிள்ளை இச்செய்தியின் பொருளை நம்மினும் விரைவில் உணரும் என்றே நாம் கருதுகிறோம்.

‘நம்மிடம் இல்லாததா?’ என்பார்க்கும் விடையுண்டு. இருக்கிறது, ஆனால் அதனை நாம் மேடையேற்றுவதில்லை. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டுக் கிடந்தான். கோவூர்கிழார் இடையே சென்று, இருவர் சூடியதும் ஆத்தியே, எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்று உரைத்தார். புறநானூற்றின் 45-ஆம் பாட்டு அது. அர்சாவுக்கும் மிஷ்ராவுக்கும் இடையே நின்று அவ்வாறு சொல்ல ஒரு புலவர் இருந்திருப்பின் ஆர்கோத் தீவு பிழைத்திருக்கும். நம் ஆண்டு விழாக்களிலோ கடாரம் கொண்டதும் கங்கை கொண்டதும் முழங்குகின்றன. கோவூர்கிழார் வாய் திறப்பதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. வென்ற கதையை மட்டும் சொல்லி வளர்க்கும் நாம், வெற்றிக்குப் பின் விழுந்த பனியைச் சொல்லும் கதையைப் பொய் என்பது முறையாகாது.

அயற்கதையின் அன்பர்களையும் நாம் விட்டுவிட இயலாது. எந்தச் சீட்டுக்கு எத்துணை வலிமை, எது என்ன விலை போகும் என்று கணக்கிடுவோர் பலர். அப்பனி எவ்வாறு வந்தது என்று எண்ணுவோர் சிலரே. அர்சாவைப் பெருவீரனாகவே போற்றுவோரும் உளர். அவர்கள் செய்வதும் மேடை முழக்கத்தின் மறுபதிப்பே.

ஆகவே பெற்றோரை வேண்டுகிறோம்: பிள்ளையின் கையிலுள்ள நூலைப் பறிக்காதீர்கள். போர் முடிந்த பின் அவ்வுலகில் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பிள்ளை விடை சொல்லி முடித்ததும் உறையூர் முற்றுகையை எடுத்துச் சொல்லுங்கள். இரண்டையும் அறிந்த பிள்ளை போர் முழக்கத்துக்கு எளிதில் கைதட்டாது. தமிழ் வளர்க்கக் கூடிய நமக்கு அதனினும் பெரிய பயன் வேறு என்ன வேண்டும்?