பிச்சைச் சம்பளமும் அரைப்பேரும்

இலங்கையில் அரசு வறியோர்க்கு மாதந்தோறும் வழங்கிவந்த உதவிப்பணத்துக்குத் தமிழ்ப் பேச்சுவழக்கில் வழங்கிய பெயர் 'பிச்சைச் சம்பளம்' என்பதாகும். சிங்கள வழக்கில் அது 'பின் படி' எனப்பட்டது. புண்ணியச் சம்பளம் என்பது அதன் பொருள். ஒரு மொழி வாங்குபவனின் இழிவைச் சுட்டிப் பெயரிட்டது. மற்றையது கொடுப்பவனின் மறுமைப் பயனைச் சுட்டிப் பெயரிட்டது. உரிமை என்ற கருத்து இரண்டு பெயர்களிலும் இல்லை. 2023 யூலை முதல் நடைமுறையிலுள்ள திட்டத்துக்கு 'அஸ்வெசும' என்று பெயர். ஆறுதல் என்று பொருள்படும் அச்சொல் தமிழில் பெயர்க்கப்படாமலே தமிழ் விண்ணப்பதாரர்களிடமும் வழங்குகின்றது. ஆறுதல் என்பதும் துக்க வீட்டில் சொல்லப்படுவதேயன்றிக் கடன் தீர்ப்போன் சொல்வதன்று.

பெயர் பற்றிய இவ்வாராய்ச்சி வெறும் சொல் விளையாட்டன்று. அரசின் உதவியைப் பெறும் ஒருவர் அரைநாள் வேலைக்குப் போவதைக் கண்டதும், 'உழைக்க முடிகிறதே, பிறகேன் இந்தப் பணம்?' என்று கேட்போரின் மனத்தில் இருப்பது மேற்கூறிய பிச்சைக் கோட்பாடே ஆகும். பிச்சை ஏற்பவன் முழுவதும் இயலாதவனாய் இருத்தல் வேண்டும். கையில் மண்வெட்டி இருப்பின் அவன் ஏமாற்றுக்காரன். படித்த மத்தியதர வர்க்கத்தினர் பலரிடமும், இடதுசாரிகள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் சிலரிடமுங்கூட இவ்வெண்ணம் ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் உடலைப் பற்றிய அறியாமையிலும் உழைப்பைப் பற்றிய அறியாமையிலும் தோன்றியது என்பதே ஈண்டு நிறுவ முற்படும் கருத்தாகும்.

வரண்ட வலயத்தின் சிறுநீரக நோயாளர் நிலை இதற்குத் தக்க சான்றாகும். 1990களில் வட மத்திய மாகாணத்தின் வேளாண் கிராமங்களிலே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத மனிதரிடம் சிறுநீரகச் செயலிழப்புப் பெருந்தொகையாகக் காணப்பட்டது. மதவாச்சி, பதவியா போன்ற பகுதிகளில் முதலில் அவதானிக்கப்பட்ட இந்நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளிலும் அறியப்பட்டது. தண்ணீரா, வெப்பமா, வேளாண் இரசாயனமா, இவை கூடிய விளைவா என்பது பற்றி ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஆனால் நோயின் போக்குப் பற்றி ஐயமில்லை. மருத்துவம் அதனை ஐந்து படிநிலைகளாக வகுக்கின்றது. முதற் படிநிலைகளில் நோயாளி தன்னிடம் நோயிருப்பதையே அறியார். இடைப்பட்ட நிலைகளில் களைப்பு, பசியின்மை, குருதிச்சோகை, கால்வீக்கம் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். ஐந்தாம் நிலையில் குருதிச் சுத்திகரிப்பின்றி உயிர் தரியாது. ஒரு சுத்திகரிப்புக்கு நான்கு மணித்தியாலம். அது வாரத்தில் இரண்டு, மூன்று தடவை. முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் இடையிற் பல ஆண்டுகள் கழியக்கூடும்.

அந்தப் பல ஆண்டுகளில் அம்மனிதர் என்ன செய்கிறார்? அவர் வயற் கூலியாயின், முன்னர் விடியலில் இறங்கி மாலையிற் கரையேறியவர் இப்பொழுது வெயில் ஏறுமுன் வீடு திரும்புகின்றார். வரம்பு கட்டும் வேலையை விட்டுக் களை பிடுங்கும் வேலையை ஏற்கின்றார். கிளினிக் நாளிலும் அதற்கு மறுநாளிலும் வேலையில்லை. வாரத்தில் ஆறு நாள் நான்காகிறது, நான்கு இரண்டாகிறது. மருத்துவம் அரசாங்க வைத்தியசாலையில் இலவசம் என்பது உண்மையே. அது இந்நாடு பெருமை கொள்ளத்தக்க சாதனையுமாகும். ஆயினும் பேருந்துக் கூலி இலவசமன்று. கூடச் செல்லும் மனைவி இழக்கும் நாட்கூலியை ஈடுசெய்வார் எவருமிலர். அவர் செய்யும் அந்த இரண்டு நாள் வேலை உடல்நலத்தின் அடையாளமன்று. வீட்டில் உலை ஏற வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தின் அடையாளம் அது. வெயிலில் நீரிழந்து வேலை செய்தல் பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும் என்று மருத்துவர் கூறியிருப்பர். அதை அறிந்துகொண்டே அவர் போகின்றார்.

இத்தகைய மனிதரைச் சட்டம் எங்கே வைக்கின்றது? இக்கேள்விக்கு விடைகாணச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1834 ஆம் ஆண்டின் இங்கிலாந்து வறியோர் சட்டம் ஒரு கோட்பாட்டை நிலைநாட்டியது: உதவி பெறுபவனின் நிலை, மிகக் கீழான கூலியாளின் நிலையிலும் கீழானதாக இருத்தல் வேண்டும். தொழிற்சாலைக்கு ஆள் குறையாதிருக்க வகுக்கப்பட்ட கோட்பாடு இது. குடியேற்ற நாடான இலங்கையில் 1939 ஆம் ஆண்டு வறியோர் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது அது கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களோடு நின்றுவிட்டது. கிராமத்து வறியவன் அதன் கண்ணிற்படவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகிய ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947 இல் அளித்த அறிக்கை, வறியோர் சட்ட மனப்பான்மையைக் கடந்து சமூகக் காப்புறுதி பற்றிச் சிந்தித்தது. அச்சிந்தனையிற் பெரும்பகுதி தாளிலேயே நின்றது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. முதுமைக்கு அது ஓரளவு துணை. ஆனால் நோயினால் வேலை குறைந்தவனுக்கு அதன் கதவு இலகுவில் திறவாது. நோயை முன்னிட்டு வயதுக்கு முன் முழுப் பணத்தையும் பெறுவதற்கு, நிரந்தரமான, முழுமையான இயலாமை மெய்ப்பிக்கப்படல் வேண்டும். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமோ வேலையில் நேர்ந்த விபத்தையும் வேலையால் வந்த நோயையும் மட்டுமே கருத்திற்கொள்ளும். நோயுற்ற காலத்துக்கான பொதுக் காப்புறுதி இந்நாட்டில் இன்றுவரை இல்லை. நாட்கூலியாளர் பலருக்கு நடைமுறையில் மேற்கூறியவை கிட்டுவதில்லை.

எஞ்சுவது நலன்புரிக் கொடுப்பனவே. 2023 இல் அரசு குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தது. மிக வறியோர்க்கு 15,000 ரூபா, வறியோர்க்கு 8,500 ரூபா என மூன்று ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்டது. 'பாதிக்கப்படக்கூடியோர்' என்ற வகையினருக்கு 5,000 ரூபா, 2024 யூலை வரை. 'இடைநிலையினர்' என்போருக்கு 2,500 ரூபா, 2023 டிசெம்பர் வரை. பின்னர் கெடுக்கள் நீடிக்கப்பட்டன, தொகைகளும் மாற்றப்பட்டன என்பது வேறு விடயம். இங்கு மனங்கொள்ளத்தக்கது அத்திட்டத்தின் நாட்காட்டியாகும். வறுமையின் விளிம்பில் நிற்போர் குறித்த திகதியில் மீண்டெழுந்துவிடுவர் என்று வர்த்தமானி முற்கூட்டியே தீர்மானித்தது. நாட்பட்ட நோயோ எதிர்த்திசையிற் செல்வது. இன்று இடைநிலையிலிருக்கும் குடும்பம், அதன் உழைப்பாளியின் குருதியில் கிறியற்றினின் அளவு ஏறுகின்ற வேகத்தில் வறுமைக்குள் இறங்குகின்றது. அரசின் ஏணி மேல்நோக்கியும் நோயாளியின் ஏணி கீழ்நோக்கியும் வைக்கப்பட்டுள்ளன.

சிறுநீரக நோயாளர்க்கெனத் தனிக் கொடுப்பனவு உண்டு என்று மறுமொழி கூறப்படலாம். உண்டு, 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதன் அமைப்பும் 'உரியவரா, அல்லரா' என்ற ஒரே கேள்வியில் தங்கியுள்ளது. உழைப்பு எவ்வளவு குறைந்தது, நோய் எவ்வளவு கூடியது என்பன அதற்கு வேண்டியதில்லை. இதய நோயாளிக்கும், மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பீடி சுற்றும் பெண்ணுக்கும், நெஞ்சுநோயால் மூச்சுத் திணறும் ஆலைத் தொழிலாளிக்கும் அந்தத் தனி வரிசையுமில்லை.

அரை உடலை அளக்க முடியாது, நிருவாகத்துக்கு அது சிக்கலானது என்பர். மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்று பார்த்தோர் இவ்வாறு கூறமாட்டார். அங்கே குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காத பெண்ணுக்கு 'அரைப்பேர்' போடப்படுகின்றது. அன்றைய சம்பளம் பாதி. காய்ச்சலோ, முதுகுவலியோ, மாதவிலக்கோ, தராசு காரணம் கேட்பதில்லை. இத்தனை கிலோ குறைந்தது என்று மட்டும் துல்லியமாகச் சொல்லும். ஒரு தொழிலாளியின் பலம் எவ்வளவு தேய்ந்தது என்பதைத் தோட்ட நிருவாகம் நூறாண்டுக்கும் மேலாக நாள்தோறும் கணக்கிட்டே வந்துள்ளது. கூலியை வெட்டுவதற்கு அரை மனிதன் உண்டு. உதவியை வழங்குவதற்கு மட்டும் அவன் இல்லாமற் போகின்றான். சிக்கல் நிருவாகத்திலன்று, வர்க்க நலனிலே உள்ளது.

ஏமாற்று என்ற குற்றச்சாட்டையும் ஆராய்தல் தகும். தகுதியற்றோர் பலர் உதவி பெற்றனர், அரசியற் செல்வாக்கால் பட்டியல்கள் நிரப்பப்பட்டன என்ற முறைப்பாடு சமுர்த்தித் திட்டத்தின் மீது நெடுங்காலமாக இருந்தது, அதில் உண்மையுமுண்டு. அதற்குப் பரிகாரமாக வந்த புதிய முறையோ கல்வி, உடல்நலம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் இருபத்திரண்டு சுட்டிகளால் குடும்பத்தை அளக்கின்றது. அதனோடு, தெரிவானவரின் பெயருக்கு எதிராக ஆட்சேபம் தெரிவிக்கவும் பிறருக்கு வழி வைக்கப்பட்டது. வேலியின் ஒருபுறத்து வறியவன் மறுபுறத்து வறியவனைக் கண்காணிக்கும் நிலை இதனால் தோன்றுகின்றது. காலையில் தோட்டத்துக்குள் குனிந்து நின்றவரை அயலவர் காண்கின்றார். பிற்பகலில் அவர் பாயிற் கிடந்ததை எவரும் காணவில்லை. எனவே நோயாளி இரண்டிலொன்றை மறைக்க வேண்டியவராகின்றார். அலுவலகத்தில் வேலையை மறைக்கின்றார். வேலை தருபவரிடம் நோயை மறைக்கின்றார். இரண்டு பொய்யும் அவருடைய குணத்திலிருந்து பிறந்தவையல்ல. உண்மையைச் சொன்னவனுக்கு இரண்டு வாசல்களையும் அடைக்கும் ஒழுங்கு, பொய் சொல்லப்படுவதைக் கண்டு அதிர்ச்சியுறுவது நகைப்புக்குரியது.

தங்கிவாழும் மனோபாவம் வளரும் என்பது எஞ்சியுள்ள வாதம். அரைநாளாயினும் எழுந்து போகின்றவரை நோக்கி இவ்வாதம் கூறப்படுவதுதான் விந்தை. வேலைக்குப் போனால் கொடுப்பனவு பறிபோகும் என்ற அச்சமே ஒருவரை வீட்டில் இருத்தும். போனாலும் பறிபோகாது என்ற உறுதி அவரை இயன்ற அளவுக்கு இயங்கச் செய்யும்.

பிரித்தானியாவைக் காட்டி இங்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. இயலாமையை அளக்க அங்கு 2008 இல் தொடங்கிய பரிசோதனை முறை நோயாளரை எவ்வளவு அலைக்கழித்தது என்பது உலகறிந்தது. எனினும் அந்நாட்டின் இயலாமைக் கொடுப்பனவு விதிகளில் 'அனுமதிக்கப்பட்ட வேலை' என்றொரு பிரிவு உண்டு. வாரத்தில் பதினாறு மணித்தியாலத்துக்குக் குறைவாகவும், குறித்த வருமான எல்லைக்குட்பட்டும் வேலை செய்பவர் கொடுப்பனவை இழப்பதில்லை. குறைபாடுகள் பலவுள்ள அவ்விதி, நோயுற்றவரும் சிறிது உழைக்கலாம் என்பதையாவது எழுத்தில் ஒப்புக்கொள்கின்றது. இலங்கைச் சட்டப் புத்தகத்தில் அத்தகைய ஒரு வாக்கியந்தானும் இல்லாதிருத்தல், 1834 ஆம் ஆண்டின் பேய் இன்னும் விரட்டப்படவில்லை என்பதையே காட்டுகின்றது.

செய்யப்பட வேண்டியவை அரிய காரியங்களல்ல. நாட்பட்ட நோயாளியின் அரைநாட் கூலியில் ஒரு குறித்த தொகை கணக்கில் எடுக்கப்படாதிருத்தல் வேண்டும். நோயின் படிநிலை உயர உயரக் கொடுப்பனவும் உயர்தல் வேண்டும். மீள்பரிசீலனைக்குக் கெடுத் திகதியை வர்த்தமானி விதித்தல் கூடாது. நோயாளியின் கிளினிக் கொப்பியே விதித்தல் வேண்டும். எந்த மாதம் குருதி சோதிக்கப்பட்டது, அளவு என்ன, எந்த மருந்து கூட்டப்பட்டது என்பவையெல்லாம் அரசாங்க வைத்தியரின் கையெழுத்தில் அதில் ஏற்கெனவே உள்ளன. அந்தக் கொப்பியை ஏந்திக்கொண்டு பிரதேச செயலகத்தின் வரிசையில் நிற்பவரிடம், அவர் நோயாளி என்பதற்கு வேறு சான்று கேட்பதை முதலில் நிறுத்தலாம். வரிசையில் நிற்கும் அந்த நாளுக்கும் அவருக்குக் கூலியில்லை.