வென்றவர் ஏட்டில் நம் உரிமை

ஐரோப்பியரின் சரித்திரம் ஐரோப்பியருக்கே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். பளையிலே தென்னந்தோட்டம் வைத்திருக்கும் கமக்காரனுக்கு, ஒல்லாந்தன் ஸ்பானிய மன்னனோடு பொருத கதை எதற்கு என்பது அன்னாரின் வினா. அக்கமக்காரனின் காணியுரிமை அக்கதையோடு பின்னிக் கிடக்கிறது என்பதே நமது விடை.

குடிகளைக் காவாத அரசன் அரசனல்லன் என்று கூறி, நெதர்லாந்து மக்கள் 1581இல் ஸ்பானிய மன்னனின் ஆட்சியைத் துறந்தனர். அம்மன்னனே போர்த்துக்கலின் முடியையும் சூடியிருந்தான். ஆகவே அவர்களின் விடுதலைப் போர், போர்த்துக்கேயர் கோலோச்சிய கீழைக் கடல்களுக்கும் பரவிற்று. 1602இல் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக எழுதுகோல் எடுத்தவர் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ். கடலின் சுதந்திரம் பற்றி 1609இல் வெளியான தம் நூலில் அவர் கூறிய நியாயம் இது: யாவாவும் இலங்கையும் மலுக்குத் தீவுகளும் தமக்கென அரசரும் சட்டங்களும் உடையவை, அங்கே கப்பலிற் சென்று இறங்கியதனால் மட்டும் போர்த்துக்கேயருக்கு அவற்றின்மேல் உரித்து உண்டாகாது.

என்னே அரிய நியாயம்! ஆனால் அது யாருக்குப் பயன்பட்டது? 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்து, சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். 1648இல் ஒல்லாந்தரின் சுதந்திரத்தை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. அதன்பின் பத்தே ஆண்டுகளில், 1658இல், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. போர்த்துக்கேயருக்கு இல்லாத உரித்துத் தமக்கு எங்ஙனம் வந்தது என்று அறிய அவர்கள் அந்நூலைப் புரட்டிப் பார்த்தாரில்லை. ஆனையிறவிலும் இயக்கச்சியிலும் வெற்றிலைக்கேணியிலும் காவற்கோட்டைகள் அமைத்துக் குடாநாட்டின் வாயிலை அடைத்தனர். வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றனர்.

ஆயினும் வென்றவராலும் மறைக்க முடியாத உண்மை ஒன்று இருந்தது. இம்மண்ணுக்கு ஒரு சட்டம் இருந்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்த அவ்வழமையைத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் ஏட்டிலேற்றினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து ஏற்றனர். 1707இல் தேசவழமை சட்டத் தொகுப்பாயிற்று. 1806இல் ஆங்கிலேயரும் அதனை உறுதிசெய்தனர். அவ்வேட்டில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. அவை நமக்குப் பெருமை தருவன அல்ல. நம் வழமையின் குறைகளைக் களைவது நமது கடன். ஆனால் நமக்கென ஒரு வழமை இருந்தது என்பதற்கு நம்மை வென்றவரே சாட்சி.

பின்னர் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. காடும் தரிசும் எதிர்ச்சான்று காட்டப்படும்வரை முடிக்குரியவை என்று அது அனுமானித்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பு உழவன் தலையில் விழுந்தது. அந்த அனுமானம் இன்னும் சாகவில்லை என்பதை 2025 மார்ச் 28ஆம் நாள் வெளிவந்த அரசாங்க வர்த்தமானி காட்டிற்று. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோராவிடின் அது அரசுடைமையாகும் என்றது அவ்வறிவித்தல். போரிலும் இடப்பெயர்விலும் உறுதிகளை இழந்தவர்களிடம், கடல்கடந்து வாழ்பவர்களிடம், மூன்று மாதத் தவணை! யூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண சபையின் விடயங்களுள் சேர்த்தது. எனினும் வட மாகாண சபையின் காலம் 2018 ஒற்றோபரில் முடிந்துவிட்டமையால், அவ்வேளையில் தட்டிக்கேட்க நாம் தெரிந்தெடுத்த சபையும் இருக்கவில்லை.

நாம் கேட்பது சலுகை அன்று. சொந்தச் சட்டமுடைய மக்களின் மண்ணைப் பிறர் தமதென்று அனுமானிக்க முடியாது என்ற நியாயத்தையே கேட்கிறோம். காணி தனதென்று அரசு கூறுமாயின், அதனை அரசே மெய்ப்பிக்கட்டும்.

அதுவரை கற்றோர்க்கு ஒரு கடமை உண்டு. வழக்கறிஞரும் நொத்தாரிசும் நில அளவையாளரும் கிராமங்களுக்குச் செல்லவேண்டும். காணிப் பதிவகத்தில் உறுதிப் பிரதிகளைத் தேடி எடுத்து உழவர் கையில் கொடுக்கவேண்டும். நம் சட்டத்தை ஒல்லாந்தன் எழுதி வைத்தான். நம் உரிமைக்கான சான்றை நாமே எழுதி வைப்போமாக.