செட்டு மாத்திரையும் சாயங்கால சரக்கும்

எங்க பக்கத்துல மெடிக்கல் கடைக்குப் போய் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க"ன்னு கேட்டா போதும். நாலைஞ்சு மாத்திரையை அட்டையில இருந்து கத்தரிச்சு, சின்ன கவர்ல போட்டுத் தருவாங்க. பேர் அச்சடிச்ச பக்கம் பெரும்பாலும் கடையிலேயே நின்னுடும். என்னத்தை முழுங்குறோம்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது.

நாத்து நடுற பொம்பளைங்க, கரும்பு வெட்டுறவங்க, மூட்டை தூக்குறவங்க எல்லாருக்கும் இது டீ மாதிரி ஆகிப்போச்சு. ஒரு நாள் படுத்தா ஒரு நாள் கூலி போச்சு. அதனால மாத்திரையே போடாதீங்கன்னு நான் சொல்லலை. ரெண்டு விஷயத்தை மட்டும் விடணும்னு சொல்றேன்.

ஒண்ணு, பேர் தெரியாம சேர்த்துப் போடுறது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு பாராசிட்டமால் 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மாத்திரை ஆறு போட்டாலே அந்த எல்லைக்கு வந்துடும். வலிக்குத் தர்ற அசிக்ளோபினாக் மாத்திரை பலதுல 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் கலந்தே வருது. அது தெரியாம காய்ச்சலுக்குன்னு தனியா போட்டா கணக்கு ஏறிடும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன், அசிக்ளோபினாக் மூணும் ஒரே வகையறா. ரெண்டைச் சேர்த்தா கூடுறது வயித்துப் புண்ணும் சிறுநீரகக் கேடும்தான். தண்ணி குடிக்காம சித்திரை வெயில்ல நிக்கிற உடம்புக்கு இன்னும் மோசம்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகளோட சிறுநீரகத்தைக் கெடுத்து கூட்டம் கூட்டமா அழிச்சுது. 2006ல மாட்டு வைத்தியத்துக்கு அதைத் தடை பண்ணாங்க. மனுஷன் கழுகு இல்லைதான், டாக்டர் சொன்ன அளவுல தாங்குவான். ஆனா அது மிட்டாய் இல்லைன்னு தெரிய இந்தக் கதை போதும்.

ரெண்டாவது, குடி. பகல்ல மாத்திரை, சாயங்காலம் குவார்ட்டர், காலையில தலைவலிக்கு வெறும் வயித்துல மறுபடி மாத்திரை. இந்தச் சுத்துதான் ஆளைக் கொல்லுது. தினம் குடிக்கிறவன் ஈரல், மத்தவங்க தாங்குற பாராசிட்டமாலைக்கூட தாங்காம போகலாம். மத்த வலி மாத்திரையோட சாராயம் சேர்ந்தா குடல்ல ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கருப்பா போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். பாராசிட்டமால் அளவு மீறிப் போச்சுன்னா அறிகுறி வர்ற வரைக்கும் காத்திருக்கவே கூடாது. முதல் நாள் ஒண்ணும் தெரியாது, அப்புறம்தான் ஈரல் கெடும்.

டைக்ளோபினாக் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுங்கறது சட்டம். ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் இருக்கற நேரம் எங்க ஆளுங்க வயல்ல இருப்பாங்க. இவங்க கரையேறும்போது அவர் கிளம்பியிருப்பார். சாயங்காலம் ரெண்டு மணி நேரம் டாக்டர் உக்காந்தா பாதி செட்டு மாத்திரை தானா நிக்கும். அதுவரைக்கும் கடைக்காரர் கவர் மேல பேரையாவது எழுதித் தரட்டும். அதுக்கு ஒரு பேனா போதும்.

பட்டணத்துல இருக்கற உங்களுக்கு ஒண்ணு. ஊருக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டியாப்பா"ன்னு கேக்குறீங்க. கூடவே "என்ன மாத்திரை போடுற, பேரைப் படி"ன்னும் கேளுங்க.