கனெக்‌ஷனைப் பகிரலாம்... அடுத்தவர் தகவலையுமா?

2023 மார்ச் 20. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு அதிர்ச்சி. பக்கத்துப் பட்டியலில் இருந்த உரையாடல் தலைப்புகள் அவர்களுடையவை அல்ல, வேறு யாருடையவோ! ஹேக்கர் யாரும் உள்ளே நுழையவில்லை. ஒரே கனெக்‌ஷனைப் பலரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடத்தில் நடந்த சொதப்பல் அது.

இதை ஏன் பகிர வேண்டும்? ஒரு வெப் ஆப், டேட்டாபேஸுடன் பேச கனெக்‌ஷன் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்தால் பாஸ்வேர்டு சரிபார்ப்பு தொடங்கி ஏகப்பட்ட வேலை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸையே உருவாக்கும். வழக்கமான உச்சவரம்பு 100தான். அதனால் சில கனெக்‌ஷன்களை முன்பே திறந்து 'பூல்' ஒன்றில் வைத்துவிடுவார்கள். வாடகை சைக்கிள் கடை மாதிரி: எடு, ஓட்டு, திருப்பிக் கொடு. ஜாவாவின் ஹிகாரி பூலில் வழக்கமான அளவு வெறும் 10. ஒரு கேள்விக்குச் சில மில்லி விநாடிகளே ஆகும் என்பதால், பெரும்பாலும் அதுவே போதும்.

சிக்கல், திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான். சாட்ஜிபிடி பயன்படுத்திய ரெடிஸ் பைதான் லைப்ரரியில், கேள்வி போன பிறகு, பதில் வருவதற்குள் கோரிக்கை ரத்தானால், அந்தப் பதில் கனெக்‌ஷனிலேயே தங்கிவிடும். அதே கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பும். அடுத்து எடுத்தவருக்கு முந்தையவரின் பதில் கிடைக்கும். அன்று ஓபன்ஏஐ சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால் ரத்துகள் எகிறின. குறிப்பிட்ட 9 மணி நேரத்தில் பயன்படுத்திய பிளஸ் சந்தாதாரர்களில் 1.2% பேரின் பெயர், மின்னஞ்சல், கார்டின் கடைசி 4 எண்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

இதற்காகப் பூலே வேண்டாம் என்பது அபத்தம். பாதியில் நின்ற கனெக்‌ஷனை மூடிவிட வேண்டும், பூலில் திரும்பப் போடவே கூடாது. வந்த பதில் கேட்டவருடையதுதானா என்றும் சரிபார்க்க வேண்டும். ஓபன்ஏஐ பிறகு அந்தச் சோதனையைச் சேர்த்தது.

'நாம ரெடிஸ் பயன்படுத்தலையே' என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ஸ்பிரிங்கில் ஒரு சர்வீஸ் ஆப்ஜெக்ட்டை, நீங்கள் மாற்றிச் சொல்லாதவரை, எல்லாக் கோரிக்கைகளும் பகிர்கின்றன. அதன் ஃபீல்டில் லாகின் செய்த பயனரின் பெயரை வைத்தால் கதை அதேதான். உங்கள் லேப்டாப்பில் தனியாக டெஸ்ட் செய்யும்போது எல்லாம் சரியாகவே ஓடும். இரண்டு பேர் ஒரே நொடியில் உள்ளே வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.